மாதா கெபி முடக்கில் செடி வெட்டியது யார்?

போன வருஷம் தவக்காலத்தில் நடந்தது இது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு இறப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருக்கிறது. லயத்துக்குக் கீழே ரோடு திரும்புகிற முடக்கில், ரோட்டை ஒட்டினாற்போல, கல் குகை மாதிரிக் கட்டின ஒரு மாதா கெபி. நான் வீட்டிலேயே தையல் தைக்கிறவள். கை மெஷினில் இருந்தாலும் கண் வெளியேதான் இருக்கும். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். மாதாவிடம் நேர்ந்துகொண்ட காரியம் நடந்தால் கெபியைச் சுற்றி ஒரு பூச்செடியோ குரோட்டனோ வைப்போம். நேர்த்திச் செடியில் யாரும் கத்தி வைக்கமாட்டோம், காய்ந்த கிளையைக்கூட ஒடிக்கமாட்டோம். என் மகள் சின்னதில் டெங்கு வந்து கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தபோது நானும் ஒரு செவ்வரத்தை நட்டேன். இப்போது அவள் பெரிய பள்ளிக்கூடம் போகிறாள். செடியும் என் தலைக்கு மேலே வளர்ந்து ரோட்டுப் பக்கம் சாய்ந்து கிடந்தது. லயத்திலிருந்து பிள்ளைகள் இறங்கிப் போகிற ஒற்றையடிப் பாதை அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் ரோட்டைத் தொடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றப் போனவள் திடுக்கிட்டுப்போனேன். என் செவ்வரத்தையில் ரோட்டுப் பக்கத்துக் கிளைகள் நாலைந்தைக் காணோம். ஆடு கடித்தது மாதிரி இல்லை, கூரான கத்தியால் சாய்வாக வெட்டியிருந்தது. முதலில் பக்கத்து வீட்டுக்காரி மேல்தான் சந்தேகம். அவள் நேர்ந்து வைத்த குரோட்டன் என் செடி நிழலில் வாடுகிறது என்று முந்தியே முணுமுணுத்திருக்கிறாள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவளுடைய குரோட்டனும் வெட்டுப்பட்டிருந்தது.

"நீ சீ.ஐ.டி. வேலைக்குப் போயிருக்கணும்" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வெட்டின அடிக்கட்டையில் பளபளவென்று என்னவோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மீன் செதில்.

எங்கள் தோட்டத்துக்கு பைக்கில் மீன் கொண்டுவருகிறவர் ருவான்வெல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் நானா. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகவேண்டும் என்று காலையிலேயே வந்துவிடுவார். எங்களுக்கும் தவக்கால வெள்ளியில் இறைச்சி கிடையாது, மீன்தான். அதனால் அன்றைக்கு வியாபாரம் நன்றாக இருக்கும். வருஷக்கணக்காகப் பழகின மனுஷன். எங்கள் காசை வாங்கிக்கொண்டு எங்கள் மாதாவின் செடியை வெட்டுகிறாரா? மனசு எங்கெங்கோ போனது. அவரை யாராவது ஏவிவிட்டார்களா, நாளைக்குக் கெபியிலேயே கை வைப்பார்களா என்றெல்லாம் யோசித்தேன். அந்தக் கிழமை அவர் எனக்கு இரண்டு சாளை மீன் கூடப் போட்டுக் கொடுத்தார். அதையும் சந்தேகப்பட்டேன்.

வீடியோ எடுத்துக் கோயில் பாதரிடம் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த வெள்ளி, மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, போனும் கையுமாகப் போய் என் செவ்வரத்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நல்ல இடம். ரோட்டில் யார் வந்தாலும் என்னைத் தெரியாது.

பைக் சத்தம் கேட்டது, நின்றது. கொஞ்ச நேரத்தில் சரக் சரக் என்று கிளை விழுந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற வேகத்தில் போனைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்தேன்.

லொறி வந்ததை நான் பார்க்கவே இல்லை. ஹார்ன் சத்தமும் என் கையை யாரோ பிடித்து இழுத்ததும் ஒரே நேரத்தில் நடந்தது. நான் ரோட்டோர வடிகானுக்குள் கிடந்தேன், பக்கத்தில் நானா. லொறி என் சேலையை உரசாத குறையாகப் போய்த் தள்ளி நின்றது. டிரைவர் தலையை நீட்டிச் சிங்களத்தில் ஏசினார். சாகத்தான் வந்தாயா, எங்கேயிருந்து முளைத்தாய், ஆள் இருப்பதே தெரியவில்லையே என்று கேட்டார்.

லொறி போனபிறகு நானா மெதுவாகச் சொன்னார். "ஒங்கட மகளும் போன மாசம் இப்பிடித்தான் பாஞ்சு வந்த. நான் பைக்கோட கானுக்குள்ள விழுந்துதான் தப்பின. புள்ளைக்கி ஒண்டுமில்ல. உம்மா ஏசுவாங்க, சொல்லாதீங்கன்னு அழுதிச்சி."

ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டுவிட்டு வெட்டியிருக்கலாமே என்றேன்.

"நான் கேட்டா வெட்ட விட்டிருப்பீங்களா? மாதாட செடியில கை வைக்க இவன் யாருன்னு கேக்கமாட்டீங்களா?"

கேட்டிருப்பேன். ஊரையே கூட்டியிருப்பேன். எழுந்து, லொறி வந்த பக்கம் போய் நின்று பார்த்தேன். பாதை தெரியவில்லை, பாதையில் வருகிற பிள்ளை எப்படித் தெரியும்? பூத்துக் குலுங்கின என் செவ்வரத்தைதான் தெரிந்தது. மகள் உயிரோடு வந்ததற்காக நான் நட்ட செடி.

அவரிடம் கத்தியை வாங்கி, மாதாவைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, இடுப்பளவுக்கு நானே வெட்டினேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, நேர்த்திச் செடியை வெட்டுகிறாயே, உனக்கு என்ன பேய் பிடித்ததா என்று கத்தினாள். அவளையும் இழுத்துக்கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினேன். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். ஞாயிறு பூசை முடிந்ததும் பாதரிடம் நான்தான் பேசினேன். இப்போது உயரமான செடியெல்லாம் கெபிக்குப் பின்னால், முன்னால் குட்டையான பட்டிப்பூ மட்டும்தான்.

என் சந்தேகக் குணம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என் பிள்ளைக்கு நல்லது செய்யவந்த ஒரு மனுஷன், என்னைப் போன்றவர்களுக்குப் பயந்து அதைத் திருட்டுத்தனமாகச் செய்யவேண்டியிருந்ததே என்று நினைக்கும்போதெல்லாம், அந்த லொறியைவிட அதுதான் என்னை அதிகமாக நடுங்கவைக்கிறது.