வெள்ளாமை போன வீட்டுக்குப் போனவர்

எங்கள் அக்கா வடகரப்பதிப் பக்கம், கோயமுத்தூர் எல்லைக்கு நடந்தே போகிற தூரத்தில் உள்ள ஊரில் பிறந்தார். பெற்றோருக்கு மூத்த பிள்ளை அவர், கடைசி நான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தார். கொழிஞ்சாம்பாறையில் கட்டிக்கொடுத்தார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா நெஞ்சுவலியில் திடீரென்று போய்விட, அக்கா ஊருக்குத் திரும்பி அப்பாவின் ஒன்றரை ஏக்கரில் பண்ணயம் ஆரம்பித்தார். இதுவரை எல்லா நினைவு மலரிலும் வருகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன். இனிமேல் அப்படி எழுத முடியவில்லை, மன்னியுங்கள். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

மருந்தடிக்காமல் தக்காளி போட்ட முதல் வருடமே அக்காவின் வெள்ளாமை மொத்தமும் போனது. மூன்று நாள் அவர் வெளியே வரவில்லை. அதே தெருவில்தான் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஒருவர்கூட வாசலில் வந்து நிற்கவில்லை. சொசைட்டியில் பால் ஊற்றுகிற இடத்தில் மட்டும் நன்றாகப் பேசினீர்கள். "பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வேலை? பேசாம தென்னைய வெச்சுட்டு உக்காந்திருக்கலாமுல்ல?" அது அக்காவின் காதுக்கும் வந்தது.

"வயசானவங்க ஒருத்தர் செத்தா ஊரே வருது. ஒரு வெள்ளாமைக் காடு செத்தா ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்லையேடா தம்பி" என்றார் என்னிடம்.

அடுத்த வருடம் தட்டுத்தடுமாறி எழுந்துவிட்டார். அதன்பிறகு, சுற்றுவட்டாரத்தில் புதிதாக விவசாயத்துக்கு வந்த யாருடைய முதல் வெள்ளாமை போனாலும் அன்றைக்கே கிளம்பிவிடுவார். எழவு வீட்டில் அடுப்பு எரியாது என்று அக்கம்பக்கத்தார் சோறாக்கிக் கொண்டுபோவார்கள் அல்லவா, அதேபோலத் தூக்குப்போசியில் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு போவார். பக்கத்தில் உட்கார்ந்து, எப்போதிருந்து வாடியது, எந்த மூலையில் ஆரம்பித்தது, கடைசியாக எப்போது தண்ணீர் விட்டார்கள் என்று நிதானமாகக் கேட்பார். சொல்லச் சொல்ல அவர்களுக்கே எங்கே தவறினோம் என்று புரிந்துவிடும். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவது நம் வழக்கம். அக்கா மட்டும் வாசலில் நின்று, "நாளைக்கு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார். மறுநாள் களைக்கொத்தோடு போய் நிற்பார். செத்த தக்காளிக்கு எழவு கேட்கப் போகிறாள் என்று சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. அப்போது புதிய விவசாயிகளுக்கு இயற்கை வேளாண்மைப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலையில் இருந்தேன். மூன்று நாள் வகுப்பு, மத்தியானச் சாப்பாடு, கடைசியில் சர்ட்டிபிகேட்டோடு ஒரு போட்டோ. அத்தோடு கும்பிடு போட்டு அனுப்பிவிடுவோம். திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த மணியும் கவிதாவும் என் வகுப்பில்தான் படித்தார்கள். "வைகாசியில் நாற்று நடுங்கள், இடவப்பாதி மழை பார்த்துக்கொள்ளும்" என்று மேடையில் நின்று நான்தான் படித்தேன். மேற்கே கொட்டுகிற அந்தத் தென்மேற்குப் பருவமழை நம் பக்கம் வரும்போது வெறும் காற்றாகத்தான் வரும். இந்த மண்ணில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். மழை கொட்டுகிற ஊர்க்காரர் யாரோ எழுதிய தாள் கையில் இருந்தது, படித்தேன். ஆனிக் காற்றில் அவர்களுடைய நாற்று முழுக்கக் காய்ந்துவிட்டது.

அக்கா நேராக என் ஆபீசுக்கு வந்தார்.

"வாடா போலாம். நீ சொல்லிக்குடுத்ததுதான் செத்துக் கெடக்குது."

"அடுத்த பேட்ச் இருக்குதுங்கக்கா. பயிற்சி குடுக்கற வரைக்குந்தான் எங்க வேலை."

"செரி. உன்ற வேலைய நீ பாரு" என்று சொல்லிவிட்டு, தனியாக பஸ் ஏறிப் போனார். திருப்பூருக்குத் திரும்பிப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தவர்களைப் பேசிப் பேசி நிறுத்தினார். தென்னை ஓலையும் சருகும் பரப்பி மூடாக்குப் போடச் சொல்லிக்கொடுத்தார். புரட்டாசி வரை பொறுக்க வைத்து, ஐப்பசி மழையை நம்பி நடவைத்தார். அவர்கள் இன்றும் இங்கேதான் விவசாயம் பார்க்கிறார்கள். நான் அந்த வருடம் இன்னும் நான்கு வகுப்பு எடுத்தேன், அதே தாளை வைத்துக்கொண்டு. நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு அக்கா படுத்துவிட்டார். தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் மிளகாய்ச் செடி முழுதும் கருகியது. அன்றைக்கு யார் வந்தார்கள் தெரியுமா? மணி, கவிதா, அவர்களைப் போல அக்கா கைதூக்கிவிட்ட இன்னும் ஆறு பேர். சோறு கொண்டுவந்தார்கள், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து செடியைப் பற்றிக் கேட்டார்கள். அக்கா மிளகாய்க்காக அழுதார். தன் உடம்புக்காக அவர் ஒருநாளும் அழவில்லை. இரண்டு தெரு தள்ளி மண்டபத்தில் நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பத்து நாளில் அக்கா போய்விட்டார். அன்று மலர்மாலை வைக்க இடமில்லாத அளவுக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள்.

அந்த எட்டுப் பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட பொள்ளாச்சி நர்சம்மாவுக்கும் நன்றி. அக்காவின் ஒன்றரை ஏக்கரைத் தென்னை வைக்கக் கேட்டுத் தூது அனுப்புகிறவர்களுக்கு: தர மாட்டோம். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் சொல்கிறோம். புதிதாக விவசாயம் பழக வந்த மூன்று பேர் அதில் விதைத்திருக்கிறார்கள். நான் அந்த வேலையை விட்டுவிட்டு அவர்களோடுதான் இருக்கிறேன்.

மூவரில் ஒருவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். அவர் போட்ட அவரைக்கொடி நேற்று முழுசாகப் போய்விட்டது; ராத்திரியோடு ராத்திரியாக இதை மலரில் சேர்த்தேன். இன்று அக்காவின் வருடத் திதி. பந்தி முடிந்ததும் நான் அந்த ஆட்டோக்காரர் வீட்டுக்குத்தான் போகிறேன். உங்களுக்கும் இலை போட்டிருக்கிறது, வயிறாரச் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு என்னோடு வாருங்கள். வர மனமில்லாதவர்கள் இந்த மலரை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.

— தம்பி