நிறம் பூசாத மிச்சிகன்

அன்று காலை முதலாளி வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நான்கு பேர். சோபாவில் ரிமோட்டோடு முதலாளி. அவருக்குப் பக்கத்தில், தைலம் தேய்த்த காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு முதலாளியம்மா. சமையலறைக் கதவைப் பிடித்தபடி, ஒரு காதைக் குக்கரிடம் விட்டுவிட்டு, என் அம்மா. காய்ச்சல் விட்ட மறுநாள் என்பதால் பள்ளிக்கூடம் போகாமல், டி.வி.க்குக் கிட்டத்தில் தரையில் நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். என் அப்பா சத்தீஸ்கரில் போர்வண்டியில் இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த லாரியோடு கிளம்பினால் ஐந்தாறு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார். முதலாளியின் மகள், வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு, அமெரிக்காவில் மிச்சிகன் என்ற மாநிலத்தில் இருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினாறு, நவம்பர். முந்தின நாள் ராத்திரிதான் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். அதனால் முதலாளி ஒரு கண்ணில் அமெரிக்க ஓட்டையும் மறு கண்ணில் நம்மூர் நோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். சேனலை மாற்றும்போதெல்லாம் மனைவியை ஒரு வார்த்தை இழுத்தார்.

"பீரோவுல சேலைக்கடியில எவ்வளவு வெச்சிருக்கறேன்னு இன்னிக்காச்சும் சொல்லிப்போடு."

"உங்ககிட்டச் சொல்றதுக்கு அதைக் கொண்டுபோயி பேங்க்ல கட்டிக்கலாம்."

"அங்கதாம்மிணி கட்டோணும் இனி."

அம்மா வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மிச்சிகனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

காரணம் இருந்தது. மகளின் பிரசவத்துக்கு முதலாளியம்மா போக வேண்டும். மூட்டுவலியோடு ஒரு குடம் தூக்க முடியாது, கீழே உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க முடியாது. ஆகவே ஒத்தாசைக்கு என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. ஜனவரியில் கிளம்பி ஆறு மாதம். ஆயுத பூஜையன்று சுண்டல் கிண்ணத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே முதலாளியம்மா சொன்னார்: "உன்னையக் கேக்கவே வேண்டியதில்லன்னு மககிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மிணி."

"சரிங்க்கா" என்றாள் அம்மா.

வேறென்ன சொல்வாள்? சிங்காநல்லூரில் அந்த வீட்டுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த அறை அவர்களுடையது. அதில் எரிந்த கரண்ட் அவர்களுடையது. அப்பாவைப் போர்வண்டியில் சேர்த்துவிட்டதும் முதலாளியின் மைத்துனர்தான். நான் போத்தனூரில் அத்தை வீட்டில் இருந்துகொள்வதென்று ஆயிற்று. அதை யாரும் தனியாகப் பேசி முடிவெடுக்கவில்லை. குடையை எங்கே வைப்பது என்பதுபோல அது தன்னால் முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டைப் பார்க்கக் கூட்டிப் போனாள் அம்மா. அத்தையும் மாமாவும் ஆளுக்கொரு ஷிப்டில் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் பூட்டிக்கொண்டு கிளம்புவார். அத்தை கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டிகளைத் தள்ளி, "இக்கட்டால உன்ற பெட்டியை வெச்சுக்கலாம் கண்ணு" என்று காட்டினார். நல்ல மனுஷி. நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்கு இடம் இருந்தது. வெளியே ரயில் ஒன்று நிற்காமல் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு அமெரிக்கா துணைக்கு வந்தது. யானைச் சின்னத்துக்கும் கழுதைச் சின்னத்துக்கும் போட்டி என்று தெரிந்திருந்தது. யானைக்குச் சிவப்பு, கழுதைக்கு நீலம். யானைச் சின்னத்தில் நிற்பவரைப் பற்றி முதலாளி ஒருநாள் அம்மாவிடமே சொன்னார்: "அந்தாளு வந்தான்னு வெய்யி, வெளியாளு ஒருத்தரையும் உள்ள உடமாட்டான். உனக்கு விசாவெல்லாம் நெனப்புலதான்."

"நீங்க வாயை வெச்சுட்டுச் சும்மா இருங்க, போற காரியத்துல" என்றார் முதலாளியம்மா.

"நா சொல்லியா அவங்க ஓட்டுப் போடறாங்க?"

அன்றிலிருந்து நான் யானைக்கட்சி. முகம் பார்த்தோ பேச்சுக் கேட்டோ அல்ல. அவர் சொல்வது எதுவும் எனக்குப் புரிந்ததில்லை. அம்மாவை உள்ளே விடாதவர் அவர் ஒருவர்தான், அவ்வளவே.

அந்தப் புதன்கிழமை, டி.வி. படத்தில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. மத்தியானம், அம்மா ரசத்துக்குத் தாளிக்கும் வேளையில், யானைச் சின்னக்காரர் ஜெயித்துவிட்டார் என்றார்கள். முதலாளி நெற்றியில் தட்டிக்கொண்டார். நான் டி.வி.க்கு இன்னும் கிட்டத்தில் நகர்ந்தேன். ஆனால் படத்தின் மேல்பக்கம், ஏரிகளுக்கு நடுவில், கையுறை போட்ட கைபோல இருந்த மிச்சிகன் மட்டும் வெளுப்பாகவே கிடந்தது.

"ஏனுங்க, மிச்சிகன் ஆருக்குங்க?" என்று கேட்டேன்.

"அது இழுபறிடா கண்ணு. எண்ணிட்டிருக்கறாங்க."

"அது சொல்லாமயே ஜெயிச்சுட்டாருங்களா?"

"அது எங்க போனா என்ன, அதான் ஆள் வந்தாச்சே" என்றவர், பேங்க் எப்போது திறக்கும் என்று பார்க்கச் சேனலை மாற்றிவிட்டார்.

எல்லாருக்கும் அதோடு தேர்தல் முடிந்தது. எனக்கு முடியவில்லை. எனக்குத் தெரிந்த உலகத்தில் மாநிலம் என்றால் செக்போஸ்ட். வாளையாற்றில் கேரளாக்காரர்கள் கட்டை போட்டு லாரிகளை நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்பா போனில் பேசினால் பாதி செக்போஸ்ட் கதைதான். ஆந்திராவில் இந்தக் காகிதம் கேட்டான், மகாராஷ்டிராவில் அந்தக் காகிதம் கேட்டான் என்பார். நாட்டை யார் வேண்டுமானாலும் ஆளட்டும். மாநிலத்துக்குள் யாரை விடுவது என்பது அந்தந்த மாநிலத்தின் பாடு. எதற்கும் அப்பாவிடமே கேட்டுவிட்டேன்.

"அப்பா, ஒரு மாநிலத்துக்குள்ள நம்மளை உடறதா வேண்டாமான்னு ஆருங்க முடிவு பண்றது?"

"செக்போஸ்ட்டுல நிக்கறவன்தான் கண்ணு. அவன் கைய காட்டிப்போட்டா நின்னுதான் ஆகோணும்." பின்னால் எந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "அம்மா சீமைக்குப் போறான்னு இங்க பசங்ககிட்டச் சொன்னேன். நம்ப மாட்டீங்கறானுங்க" என்று சிரித்தார்.

அப்பாவுக்குப் பெருமை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஆக, மிச்சிகன் சிவந்தால் அம்மா இங்கே. நீலமானால் அம்மா அங்கே. முதலாளி படித்து முடித்த இங்கிலீஷ் பேப்பர் மறுநாள் எங்கள் அறைக்கு வரும், அலமாரியில் விரிப்பதற்கு. விரிக்கும் முன் நான் எழுத்துக் கூட்டித் தேடுவேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான். தப்பாகப் படித்தால் சொல்வதற்கும் ஆள் கிடையாது. பேப்பர் முழுக்க பேங்க் வரிசையில் நிற்கும் ஜனங்கள். மிச்சிகன் இல்லை. வகுப்பில் பக்கத்துப் பையனிடம் ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அதென்னடா, மிட்டாயா?" என்றான். அதன்பிறகு யாரிடமும் சொல்லவில்லை. வரிசையில் நின்றவர்களுக்காவது முன்னாலும் பின்னாலும் ஆள் இருந்தார்கள். நான் நின்ற வரிசையில் நான் மட்டும்தான்.

இதற்கிடையே அம்மாவுக்குச் சென்னையில் விசா இன்டர்வியூ. டிசம்பர் முதல் வாரம். முதலாளியின் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர் கேள்வி பதிலெல்லாம் டைப் அடித்துக் கொடுத்திருந்தார். சொல்லிக் கொடுக்கும் வேலை என்னுடையது. அறை ஜன்னலுக்கு உள்ளே நான், ஆபீசர். வெளியே துணி துவைக்கும் கல்லருகே அம்மா.

"ஹௌ லாங் வில் யூ ஸ்டே?"

"சிக்ஸ் மந்த்ஸ்ங்க."

"ங்க வேண்டாங்கம்மா."

"மரியாதையாச் சொன்னா வேண்டாம்பாங்களா?" என்பாள். பிறகு திருத்திக்கொள்வாள். "சிக்ஸ் மந்த்ஸ்."

"வில் யூ கம் பேக்?"

"ஐ வில் கம் பேக். மை சன் இஸ் ஹியர்."

இந்தக் கடைசி பதிலைத்தான் அம்மா எல்லாவற்றுக்கும் முந்திப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், நான்கைந்து நாளில் எங்கள் இங்கிலீஷ் டீச்சரைவிடத் தெளிவாகச் சொன்னாள். துணியைப் பிழியும்போதும், நான் கேட்காமலேயே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவ்வளவு ஆசையா போவதற்கு என்று எனக்கு இருந்தது. அவள் ஒரு பதிலைச் சரியாகச் சொல்லும்போதெல்லாம் என் தகரப் பெட்டி போத்தனூர்க் கட்டிலுக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூக் கேட்கக் கூட்டிப் போனாள். எங்கள் பக்கத்தில் பெரிய காரியமென்றால் அப்படித்தான். பூசாரி வெள்ளைப் பூவை ஒன்றிலும் சிவப்புப் பூவை ஒன்றிலுமாக இலையில் மடித்து, சாமி முன்னால் போடுவார். அதில் ஒரு பொட்டலத்தைக் குழந்தை கையால் எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கேட்டது நடக்கும், சிவப்பென்றால் இல்லை. அம்மா கண்ணை மூடி மனசுக்குள் கேட்டாள். என்ன கேட்டாள் என்று வெளியே சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாதா என்ன கேட்டிருப்பாள் என்று? சிவப்பு, சிவப்பு என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. வழியில் பேக்கரியில் எனக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"காச்சல் இன்னும் உடலியா சாமி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா."

மாரியம்மனும் போகச் சொல்லிவிட்டாள். இனி மிச்சிகன் ஒன்றுதான் பாக்கி.

நவம்பர் முடிந்து, இன்டர்வியூவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அது பேப்பரில் வந்தது. உள்பக்கத்தில், டயர் விளம்பரத்துக்கு மேலே, விரலளவு செய்தி. மூன்று முறை படித்தேன். கிட்டத்தட்ட அரைக் கோடி ஓட்டு விழுந்த மாநிலத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் யானைச் சின்னம் ஜெயித்திருந்தது. அந்தப் பத்தாயிரத்துச் சொச்சம் பேரும் எனக்கு வேண்டப்பட்டவர்கள்போலத் தோன்றியது. சமூக அறிவியல் புத்தகத்திலிருந்த உலகப்படத்தில், ஏரிகளுக்கு நடுவே உத்தேசமான ஒரு இடத்தில், சிவப்பு பென்சிலால் பூசினேன். அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.

முதலாளியம்மாவோடு அம்மா ரயிலேறும் அன்றும் ஜன்னலில் நின்று ஒருமுறை எல்லாக் கேள்வியும் கேட்டேன். ஒரு தடுமாற்றம் இல்லை. "ஆபீசர் பாஸ் போட்டாச்சுங்களா?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் திரும்பினார்கள். முதலாளியம்மாவுக்கு விசா கிடைத்திருந்தது. அம்மாவுக்கு இல்லை.

ஹாலில் முதலாளியம்மா செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "இத்தனை நாளாச் சொல்லிக் குடுத்து என்ன புண்ணியம்? ஒரு வார்த்தை வாயிலிருந்து வரோணுமே. இங்கிலீசு வேண்டாம், தமிழ்லயே கேட்டாங்க. உங்களுக்கு ஊர்ல ஆரு இருக்கறாங்க, திரும்பி வருவீங்களான்னு. பையன் இருக்கறான்னு சொல்றதுக்கு என்ன? கல்லாட்டம் குனிஞ்சுட்டே நிக்கறா."

"பயந்துபோயிருப்பா. உடு" என்றார் முதலாளி.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபீசரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோச்சுங்க்கா" என்றாள் அம்மா. அப்போதும் தலை நிமிரவில்லை.

சாயங்காலம் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கிழிந்த உலகப்படத்தோடு போனேன். அவள் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. செக்போஸ்ட்டிலிருந்து தொடங்கி, யானை, கழுதை, இழுபறி, பத்தாயிரத்துச் சொச்சம் வரை எல்லாம் சொன்னேன். "நீங்க பேசியிருந்தாலும் உட்டிருக்க மாட்டாங்கம்மா. மிச்சிகன் செவப்பாயிருச்சு."

அம்மா படத்தை வாங்கி, கிழிசல் மேல் விரலை வைத்தாள். "இதுதானுங்களா சாமி?"

"ஆமாங்கம்மா."

"அப்ப அதேதான் காரணம்" என்றாள். என் தலையைத் தன் மடியோடு சேர்த்து வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். சேலையில் ரயில் வாசம் அடித்தது.

எனக்கு நிம்மதிதான். ஆனாலும் அடியில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு அம்மா ஏன் என்னைச் சொல்லவில்லை? விசா கிடைக்காவிட்டால் போகட்டும், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தச் சின்ன வருத்தத்தை வெளியே சொல்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தேன். தெரியாமல் வாயடைத்து நிற்பதும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டு நிற்பதும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. "சரிங்க்கா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாத வீட்டில் ஒருத்தி "மாட்டேன்" என்பதைச் சொல்ல, சென்னை வரை போய் ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியாது.

ஜனவரியில் முதலாளியம்மா ஒத்தாசைக்கு அங்கேயே வேறொரு பெண்ணைத் தேடிக்கொள்ளச் சொல்லி மகளுக்குப் போன் செய்துவிட்டு, தனியாகக் கிளம்பினார். பாஸ்போர்ட், விசாவுக்குக் கட்டிய பணம், சென்னை ரயில், குளிருக்கு முன்கூட்டியே வாங்கிய ஸ்வெட்டர் எல்லாம் அம்மாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்டது. குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு வரும் நாட்களில் அம்மா ஏன் அவ்வளவு லேசாக நடந்து வந்தாள் என்று விளங்காமல், ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த வருஷ ஆடி மாதம் வரை அந்தப் பிடித்தம் தீரவில்லை. மொத்தம் பதினாலாயிரத்து அறுநூறு ரூபாய்.