சூரியத் துகளுக்கு அப்பா சொன்ன உதாரணம்

இன்னைக்கு எங்க ஊரு வடக்குத்துக்குப் போற பஸ்ல, அப்பாகூட சுரங்கத்துல வேலை பாத்த மாமா ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. அப்பா தவறி ரெண்டு மாசம் ஆச்சு.

"சூரியன் வெடிக்கறதப் பத்திதானம்மா படிக்கிற?"ன்னாரு. ஆமான்னேன்.

"உங்கப்பா ஷிப்ட் பஸ்ல சொல்லிகினே வருவாரு. வெடிச்சா ஒரு அதிர்வலை கெளம்புமாம். வழியில கெடக்கற துகள அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாத்தி மாத்தித் தள்ளுமாம். ஒவ்வொரு தள்ளுக்கும் வேகம் ஏறுமாம். 'நம்மளயும் அப்பிடித்தான்டா ஒரு கான்ட்ராக்ட்லேர்ந்து இன்னொன்னுக்குத் தள்ளிகினு இருக்கான். அதுக்காவது வேகம் ஏறுது, நமக்கு பெர்மனன்ட் கூட ஆவல'ம்பாரு."

சொல்லிட்டு மாமா சிரிச்சாரு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

போன்ல அப்பா என் ஆராய்ச்சியப் பத்திக் கேக்கும்போதெல்லாம் ரெண்டு வரி சொல்லிட்டு, "உங்களுக்குப் புரியாதுப்பா, விடுங்க"ன்னு வெச்சிடுவேன். கடைசியா பேசினப்பவும் அதத்தான் சொன்னேன்.

எளிமையா ஒரு உதாரணம் கொண்டு வான்னு கைடு மாசக்கணக்கா கேக்குறாரு. இப்ப என்கிட்ட இருக்கு.

ஆய்வேட்டுல நன்றி சொல்ற பக்கத்துல அப்பா பேரு ஏற்கெனவே இருக்கு. அது போதாது, மேற்கோள் பட்டியல்லயும் வரணும். ஷிப்ட் பஸ்ல சொன்னத எப்படிக் குறிப்பிடறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.