ஆணியில் தொங்கிய கையுறை

எண்பதுகளின் கடைசியில் நான் ரப்பர் சாமான் விற்றுக்கொண்டிருந்தேன். தாம்பரத்துக்குப் பக்கத்து நகராட்சி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவரின் பெயர் மறந்துவிட்டது. என்னைவிட இளையவர், ஒல்லி, சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேல் சுருட்டியிருப்பார். டெண்டருக்கு நாங்கள் கொடுக்கும் சாம்பிள்களுக்குச் சீட்டு ஒட்டி, நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக ஆணியில் மாட்டிவைப்பார்.

சாக்கடை அள்ளுபவர்களுக்கான கையுறை ஆர்டர் எனக்குக் கிடைத்தது. கொடுத்த சாம்பிள் தடிமன். இறக்கிய சரக்கு மெலிசு. அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

ஆணியில் தொங்கியதை அவர் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு மூட்டையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, வாசல் சாக்கடையில் கையை விட்டு அள்ளினார். அங்கே வேலையில் இருந்த பெண் பதறினாள்.

“இன்னா சார், நீ போய் இதுல கைய வுட்டுக்கினு!”

அவர் கையுறையைக் கழற்றினார். விரல்களில் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அந்தக் கையை என்னிடம் நீட்டினார்.

“கை குடுங்க சார். ஆர்டர் கிடைச்ச அன்னிக்குக் குடுத்தீங்கல்ல?”

குரலில் கோபமே இல்லை. என்னால்தான் கையை நீட்ட முடியவில்லை.

“அக்காவுக்கு தினமும் இதான் சார். எடுத்துட்டுப் போய் சாம்பிள் மாதிரியே கொண்டாங்க.”

அடுத்த வாரம் சாம்பிள் மாதிரியே கொண்டுபோனேன். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையை மட்டும் நீட்டவில்லை. நான்தான் முதலில் நீட்டியிருக்க வேண்டும் என்பது, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது.