நாயின் ஆயுளுக்கு வேண்டிக்கொண்டது

கடித்த நாய் உயிரோடு இருக்கிற வரைக்கும் கடிபட்டவர் உடம்பில் விஷம் ஏறிக்கொண்டே இருக்கும் என்று எங்கள் இராஜபாளையத்துத் தெருவில் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினவன்தான். அப்படிப்பட்ட நான், என் மனைவியைக் கடித்த நாயைச் சோறு போட்டுக் காப்பாற்ற வேண்டி வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஆண்டாளைச் சேவித்த பிறகே பச்சைத் தண்ணீர் குடிப்பது என்று அவள் நேர்ந்திருந்தாள். எங்களைக் கூட்டிப்போக இருந்த அடுத்த வீட்டு வண்டிக்காரர், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்க எங்கள் படப்பில் கை விட்டார். உள்ளே தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது யாருக்கும் தெரியாது. அவர் கையைக் கடித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த என் மனைவியின் கெண்டைக்காலையும் கடித்துவிட்டது.

தெருக்கோடி வைத்தியர் ஊமத்தைச் சாறு பிழிந்துகொண்டு வந்தார். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்களுக்கு மருந்து தந்தவர்.

"குடிச்சா கொஞ்சம் பிதற்றும். பிதற்றினா விஷம் எறங்குதுன்னு அர்த்தம். ஏலே, மொதல்ல அந்த நாயை அடிச்சுப் போடு."

வண்டிக்காரர் ஒரே மடக்கில் குடித்தார். "எம் பொஞ்சாதி வைக்கிற ரசத்துக்கு இது தேவல," என்று சிரித்தார். அவர் மனைவி முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

என் மனைவி கிண்ணத்தை வாங்கி அடுப்படியில் மூடி வைத்தாள். "தாயாரைப் பாத்துட்டு வந்து குடிக்கேன்."

கோவிலுக்குப் புறப்படுகிற நேரத்தில் உயிர்க்கொலை வேண்டாம் என்று நானும் நாயை விட்டுவைத்தேன். வேறு வண்டி பிடித்துப் போனோம்.

சேவித்து முடித்ததும், அவ்வூரில் இருந்த அவள் அண்ணன் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் கிறிஸ்தவர், சாந்தமான மனிதர். புண்ணை நெடுநேரம் கழுவினார். நாய் எதற்குக் கடித்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். வைத்தியர் தந்த ஊமத்தைச் சாற்றைப் பற்றியும் சொன்னோம்.

"குட்டியைக் காக்கக் கடிச்சிருக்கும். அதைக் கொன்னுராதீங்க. கட்டிப்போட்டுச் சோறு தண்ணி வையுங்க. பத்து நாள் அது நல்லா இருந்தா அம்மாவுக்குப் பயமில்ல. அதுக்கு ஏதாச்சும் ஆனா அன்னைக்கே வாங்க. வெறிநாய்க்கடிக்குக் குன்னூருல ஊசி போடுதாங்க, எழுதித் தாரேன். அந்தச் சாறு மட்டும் வேண்டாம். அதுவே ஆளைக் கொன்னுரும்."

திரும்பி வந்தபோது அடுத்த வீட்டு வாசலில் கூட்டம். வண்டிக்காரர் கண்மணி விரிந்து, காற்றில் இல்லாத நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நாக்கு வறண்டு கிடந்தது. அவர் மனைவி ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது.

"தண்ணி எறங்கல. வெறி ஏறிருச்சு," என்றார்கள்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். "உம் பொஞ்சாதி இன்னும் குடிக்கலியா? நாயும் உசுரோட இருக்கா? பொறவு என்னைக் குத்தம் சொல்லாதே."

என் பின்னாலேயே இரண்டு பேர் கம்போடு படப்புக்கு வந்துவிட்டார்கள். "அண்ணே, நீங்க செத்த நேரம் உள்ள போங்க. நாங்க பாத்துக்கிடுதோம்." எனக்கு நல்லது செய்யத்தான் வந்தார்கள்.

அதற்குள் என் மனைவி கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"நான் குடிக்கட்டுமா? சொல்லுங்க."

அவள் படப்பைப் பார்த்தாள். "அது தண்ணி குடிக்குதா?"

ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கம்பால் தள்ளினேன். நாய் குட்டிகளை விட்டு எழுந்து வந்து சளக் சளக்கென்று நக்கிக் குடித்தது. சட்டி காலியாகிவிட்டது.

"அதுக்கு இல்லாத வெறி வண்டிக்கார அண்ணனுக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் என் மனைவி.

"நாயோட சேந்து உனக்கும் கிறுக்கா தாயி?" என்று கம்புக்காரர்களில் ஒருவர் முனகினார். ஆனால் கம்பைத் தாழ்த்திவிட்டார். அவள் சாற்றைச் சாம்பல் குழியில் கொட்டினாள்.

வண்டிக்காரர் மறுநாள் விடியுமுன் அடங்கிவிட்டார். நாய்க்கடியில் செத்தார் என்றே ஊர் பேசியது.

நாய் மேலே பட்டால் தலைமுழுகுகிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில், மாட்டுக்கொட்டத்தில் நாயைக் கட்டி, என் கையாலேயே சோறு வைத்தேன். விளக்கேற்றிக் கும்பிட்டால் வாயில் வந்தது ஒன்றுதான்: தாயே, அந்த நாய்க்கு ஆயுளைக் கொடு. ஒரு நாள் அது சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. சாயங்காலம் அது எழுந்து தின்கிற வரை நானும் சாப்பிடவில்லை. என் மனைவி செம்பைத் தூக்கும்போதெல்லாம் என் கண் அவள் தொண்டையிலேயே நின்றது. அவளுக்கும் அது தெரியும். எனக்காகவே நிதானமாகக் குடித்துக் காட்டுவாள்.

பத்தாம் நாள் கயிற்றை அவிழ்க்கப் போனேன். வண்டிக்காரர் மனைவி கொட்டத்து வாசலில் நின்றிருந்தாள். நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே வாலை ஆட்டியது.

"இது தண்ணி குடிக்குதாண்ணே?"

"குடிக்குதும்மா."

"மொத நாள்லேருந்தா?"

ஆமென்று தலையை அசைத்தேன். அவள் வெகுநேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரு சாறு குடிச்ச கிண்ணத்தை நாந்தாண்ணே தொடச்சு வைத்தியர்ட்டத் திருப்பிக் குடுத்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் மனைவியை எனக்குத் திருப்பித் தந்த தாயாருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை வாங்கிப் போனேன். கும்பிட நின்றபோது வண்டிக்காரர் மனைவியின் குரல்தான் காதில் இருந்தது.