மேசை வரைக்கும் கோலாட்டம்

எங்கள் சித்தூர் சபையில் ஞாயிறுதோறும் பாட்டு எண்களைக் கரும்பலகையில் எழுதுவது என் வீட்டுக்காரர். ஒரு மழைக்காலத்தில் அந்த எண்கள் சிறுக்கத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் எறும்பாகிக்கொண்டே வந்தன. "இன்னாண்ணே, சுண்ணக்கட்டிக்குப் பஞ்சமா?" என்று கடைசிப் பாயில் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு வலது கட்டைவிரல் தானாக எதையோ உருட்டியது. வாசற்படிகளில் கால் ஒட்டிக்கொண்டது.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவரை நடக்கவிட்டுப் பார்த்து, பார்க்கின்சன் வியாதி (மூளையின் கட்டளை கைகாலுக்குத் தயங்கிப் போகும் நோய், நம் பக்கத்தில் நடுக்குவாதம்) என்றார். பெல்லடோனா சொட்டு (நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், வாயை உலர்த்தும்) தந்தார். மதராசிலும் இதைத்தான் தருவார்களாம்.

"சரியாயிடுமா?"

"குறையும். போகாது."

ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பாவத்தை மறைத்தவன் இராப்போஜன மேசைக்கு (கர்த்தரின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்குகிற இடம்) வரக்கூடாது என்பது எங்கள் சபை வழக்கம். ஒரு ஞாயிறு, மேசைக்கு எட்டு அடி முன்னால் அவர் நின்றுவிட்டார். போதகர் அப்பத்தோடு காத்திருந்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மறுநாளே சபை மூப்பர் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, மனசுல இன்னா வெச்சிக்கினு நின்ன? சொல்லிடு. அடுத்த பண்டிகைக்குள்ள மேசைக்கு வரலன்னா சபைப் புஸ்தகத்துலருந்து பேரை எடுத்துடுவாங்க."

"மனசு இல்லண்ணே, காலு."

சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகம் அசையவில்லை. இந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும். மூப்பருக்கு அது கல்நெஞ்சாகத் தெரிந்தது. டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னேன். "வூட்ல நடக்கறவன் மேசைகிட்ட மட்டும் ஏம்மா நிக்கறான்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பெயர் போனால் கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை.

அந்த மாதம் திருப்பதியில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். ரயிலிறங்கி நடக்கையில் சந்து முனையில் மறுபடி நின்றுவிட்டார். அப்போது கோலாட்டக் கோஷ்டி ஒன்று வந்தது. கோல்கள் தட்டுகிற சத்தம் நெருங்கியதும் அவர் கால் எழுந்தது. அப்படியே கோஷ்டி பின்னாலேயே போனார்!

"எங்க போறீங்க? பெருமாள் ஊர்வலங்க அது! சபைல யாராச்சும் பாத்தா?"

"பேசாத. நடந்துக்கினு இருக்கேன்."

நாத்தனார் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணன் காலு எந்தச் சபையும் இல்ல அண்ணி. நீங்களே கோல் புடிங்களேன்."

பிடித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு, நம் சபைக் கீர்த்தனைகளைப் பாடி, தினமும் காலையில். முதலில் நின்ற இடத்திலேயே இடமும் வலமும் சாய வேண்டும்; பாரம் மாறியபின்தான் முன்னடி. தாளம் தவறி அவர் விரலில் அடித்துவிட்டேன். "வியாதி உனக்கா எனக்கா?" என்றார். சில நாள் எதுவும் பலிக்காது, அன்று விட்டுவிடுங்கள். ஏன் பலிக்கிறது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. "நிறுத்தாதீங்க" என்றார்.

பண்டிகை வந்தது. அதே எட்டடியில் நின்றார். ஆண்கள் முடிக்கும்வரை பெண்கள் எழக்கூடாது. நான் எழுந்தேன். அவர் இரண்டு கைகளையும் பிடித்து, உள்ளங்கையில் தட்டி, இடம் வலம் சாய்ந்தேன். "ஐயையோ, ஆடறாங்க!" என்று ஒரு குரல் கேட்டது. அவர் மேசைக்குப் போய் அப்பத்தை வாங்கினார்.

அவர் பெயர் நின்றது. ஆராதனையில் ஆடியதற்காக என்னை மூன்று மாதம் மேசையிலிருந்து விலக்கினார்கள்.

அடுத்த இராப்போஜனத்தில் அவர் நின்றபோது நான் பாயை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சபை முழுவதும் மூப்பரைப் பார்த்தது. மூப்பர் எழுந்து வந்து அவர் கைகளைப் பிடித்தார். தெரியாமல் இழுத்தார், கால் வரவில்லை. "சாயணும்ணே" என்றார் அவர். மூப்பர் சாய்ந்தார். இடம், வலம்.

என் கால்கள் சேலைக்குள் கூடவே அசைந்தன. எல்லாவற்றுக்கும் பறக்கிறவள் நான். இப்போது தண்ணீருக்குத் தனியாகப் போனாலும் ஒரு பக்கம் சாய்ந்து, பாரம் மாறி, அப்புறம்தான் அடி வைக்கிறேன். வேகமாக நடக்க வரவில்லை.