ஒரே முகத்துவாரம், இரண்டு விடை

நைனா படகெடுக்கக் கிளம்பும்போது வாசலிலிருந்தே கேட்டார்: "இன்னாம்மா சொல்லுது உன் மிசினு? இன்னிக்கி முகத்துவாரம் தாண்டலாமா?"

பழவேற்காடு ஏரி கடலில் சேரும் வாய்தான் முகத்துவாரம். அங்கே மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். தண்ணீரின் இழுப்பு கூடினால் படகு கவிழ்ந்துவிடும். சித்தப்பா அப்படித்தான் போனார். அந்த வாயில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கணக்கிடும் நிரலைத்தான் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைய காற்றையும் நீர்மட்டத்தையும் கொடுத்ததும், இழுப்பு குறைவு என்றது மடிக்கணினி.

"தாராளமா போ நைனா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

அவர் போன பிறகுதான் கிராபிக்ஸ் கார்டில் ஓடும் அலுவலகத்தின் பெரிய கணினியிலிருந்து விடை வந்தது. நிரல் அதேதான். ஒரு தடவை எழுதினால் சாதாரண கணினியிலும் கிராபிக்ஸ் கார்டிலும் அதனதன் முழு வேகத்தில் ஓட வேண்டும். என் வேலையே அதுதான். ஆனால் இது, இழுப்பு மிகக் கடுமை என்றது. நைனாவுக்கு போன் போட்டேன், கிடைக்கவில்லை.

மறுபடி ஓட்டினேன், வேறு விடை. இன்னொரு தடவை, இன்னொன்று. மடிக்கணினியோ சொன்னதையே சொன்னது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் நைனாவின் காலை விட்டிருந்தேன். அழுதுகொண்டேதான் நிரலைப் படித்தேன்.

ஏரியைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நாலு பக்கத்திலிருந்தும் வரும் தண்ணீரைக் கூட்டுகிறோம். மடிக்கணினி ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டியது. கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யும். இரண்டு கணக்கு ஒரே கட்டத்தில் எழுதினால் ஒன்று அழிந்துபோகும். எங்கள் ஏரியில் பாடு என்ற முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் ஒருவர் பாடு என்றால் இன்னொருவர் அங்கே வலை விடமாட்டார். அதை நிரலில் வைக்க மறந்திருந்தேன், மீனவர் மகள்!

முறை வைத்து ஓட்டியதும் பெரிய கணினியும் இழுப்பு குறைவு என்றது. இரண்டும் ஒத்துப்போனது கடலுக்குத் தெரியுமா? ஓடிப்போய்க் கரையில் நின்றேன்.

மதியம் நைனாவின் படகு வந்தது. சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"நீ சொன்னாப்லயே தண்ணி சாதுவா கெடந்துச்சும்மா. அல்லாருக்கும் சொல்ட்டேன். நாளைலேர்ந்து உன்னக் கேட்டுட்டுதான் படகு எடுப்பாங்க."

பக்கத்தில் நின்ற சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ள நாளைக்கித்தான் மொதமொத கடலுக்குப் போறான். நீ சொன்னா அனுப்பறேம்மா."

பெரிய கணினி இன்றைக்கு மாற்றி மாற்றிச் சொன்னதை முதலிலிருந்து சித்தியிடம் சொல்லத் தொடங்கினேன்.